செபத்தில் சொன்ன பெயர்

என் தங்கச்சிக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னபோது எங்கள் தாமான் குடியிருப்பில் சிரித்தார்கள். அறுபதை எட்டப்போகிறவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள், அதிலும் அவளுக்கு, என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். எங்கே வேலை என்று கேட்டார்கள். மனநோய் ஆய்வில் என்றேன். எதிர்வீட்டுக்காரி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"ஆய்வு செய்யப் போறாங்களா, இல்ல ஆய்வுக்கு உக்காரப் போறாங்களா?"

நான் உள்ளே வந்துவிட்டேன். கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எனக்கே அது அப்போது சரியாகத் தெரியாது.

ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் பால் வெட்டினவர்கள். அவள் இருபது வயதைத் தாண்டியிருந்த சமயம், மரங்கள் தன்னிடம் பேசுவதாகச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் நல்ல வார்த்தைதான் பேசினவாம். பிறகு திட்ட ஆரம்பித்தன. எங்களை வேலை வாங்கும் மண்டோர், பேய் என்றார். உபதேசியார் தீர்த்தம் தெளித்தார். கடைசியில் தோட்ட ஆபீஸ் கிராணிதான் லோரி ஏற்பாடு செய்து, வடக்கே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே பிள்ளைகள் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுற்றிக் காட்டும். அவள் திரும்பி வந்தபோது கூந்தலை வெட்டியிருந்தார்கள். ஊசியும் மாத்திரையும் கூடவே வந்தன, இன்றுவரை நிற்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளை இல்லாமல், புருஷனும் போய்ச் சேர்ந்தபின் அவளும் நானும்தான். தோட்டத்தில் பால்மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. வரிசை வீட்டு லயம் போய், புக்கிட் ரோத்தான் பக்கம் இந்தத் தாமான் வீடு வந்தது. முட்டி ஒத்துழைக்கும்வரை நான் செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கினேன், அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். என் தங்கச்சியை நான் யாரிடமும் ஒளித்து வைத்ததில்லை. கோயிலுக்குக் கூட்டிப்போனால் முன் வரிசையில் உட்கார வைப்பேன். யாராவது தள்ளி உட்கார்ந்தால், நல்லது, காலை நீட்டிக்கொள்ள இடம் கிடைத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

அவளுக்கு ஊசி போடும் கிளினிக்கில்தான் அந்த ஆய்வுக்காரப் பெண்ணைப் பார்த்தோம். கிள்ளானில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. மனதைப் பற்றிய படிப்பைப் படித்து முடித்துவிட்டு, அதற்கு மேலும் படித்துக்கொண்டே இந்த வேலையைச் செய்கிறாள். என்னை முதலில் பாட்டி என்று கூப்பிட்டாள். எனக்குப் பேரப்பிள்ளை கிடையாது, ஆன்ட்டி என்று கூப்பிடு என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து நான் பெரிய ஆன்ட்டி, தங்கச்சி சின்ன ஆன்ட்டி.

"எங்க டீமுக்கு ஒரு ஆள் வேணும் ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண். "நல்லா தமிழ் பேசணும். மருந்து சாப்பிட்டு, இப்ப நல்லா இருக்கிறவங்களா இருக்கணும். வீடு வீடா என்கூட வரணும், அவ்வளவுதான்."

"எத்தனாம் வகுப்பு வரைக்கும் படிச்சிருக்கணும்?" என்று நான் கேட்டேன். நான் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவள் அதுவும் முடிக்கவில்லை.

"படிப்பு வேணாம்லா. அனுபவம்தான் கேக்கறாங்க."

"அவளுக்கு என்னம்மா அனுபவம்?"

"சத்தம் கேட்டிச்சே, அந்த அனுபவம்."

எந்த நோயைச் சொல்லிக் கல்யாணச் சந்தைகளில் அவளை ஒதுக்கினார்களோ, எந்த நோய்க்காகக் கடையில் மிச்சப் பணத்தைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார்களோ, அந்த நோய்தான் இந்த வேலைக்குச் சர்டிபிகேட் என்கிறாள் இந்தப் பெண். இப்படியும் ஒரு உத்தியோகத்தை மனிதர்கள் யோசித்து உண்டாக்கியிருக்கிறார்களே என்று அன்று முழுவதும் எனக்கு அதே நினைப்பு.

ஆய்வை நடத்தும் பெரிய டாக்டரை ஆஸ்பத்திரியில் வந்து பார்க்கச் சொன்னார்கள். நானும் துணைக்குப் போனேன். மலாய்க்கார அம்மா, முக்காடு போட்டவர், எங்கள் இரண்டு பேரையும் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். தோட்டத்தில் கிராணி முன்னால் நாங்கள்தான் நின்றிருக்கிறோம். எங்களுக்காக ஒருவர் நின்று பார்த்ததில்லை. ஆய்வுக்காரப் பெண் நடுவில் இருந்து தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிச் சொன்னாள். இப்போதும் சத்தம் கேட்கிறதா என்று டாக்டர் கேட்டார்.

"எப்பவாச்சும் கேக்கும்," என்றாள் தங்கச்சி.

"கேட்டா என்ன செய்வீங்க?"

"வேல இருக்கு, அப்புறம் வான்னு சொல்லிடுவேன்."

டாக்டர் சிரித்தார். பிறகு அதை எழுதிக்கொண்டார். என் தங்கச்சி சொன்னதை ஒரு டாக்டர் எழுதி வைத்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

மனநோய் என்றால் டாக்டரும் ஊசி போடும் மிஸ்ஸியும் மட்டும்தான் வேலை செய்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அந்த இடத்தில் அத்தனை விதமான வேலை இருந்தது. ஒருத்தி வீடுகளுக்குப் போய்க் கேள்வி கேட்கிறாள். ஒரு பையன் காதில் மாட்டிக்கொண்டு, பதிவு செய்த பேச்சைக் கேட்டு, அழுகை வந்த இடத்தில் அழுகை என்றுகூட விடாமல் தட்டச்சுச் செய்கிறான். ஒருத்தி ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கோலாலம்பூருக்கு அனுப்புகிறாள். ஒரு சீனப் பிள்ளை நோயாளி யாரையும் பார்ப்பதே இல்லையாம், கணினியில் எண்களை வைத்துக்கொண்டு எந்த மருந்து யாருக்கு உதவியது என்று கணக்குப் பார்க்கிறானாம். இவர்களுக்கு மேலே ஒரு குழு. அவர்களுக்கு வேலையே, கேள்வி கேட்கப்படுகிறவர்களுக்கு இந்த ஆய்வால் தீங்கு வந்துவிடாமல் பார்ப்பது. காவலுக்கு என்றே ஆள் போட்டிருக்கிறார்கள். வைத்தியம் பார்ப்பது ஒரு பக்கம் நடக்க, இந்த நோய் எப்படி வருகிறது, எதனால் தணிகிறது என்று தேடுவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு இத்தனை பேர் காலையில் குளித்துவிட்டு வருகிறார்கள். தங்கச்சிக்கு மரம் பேசிய நாளில் இவர்களில் ஒருத்தர் எங்கள் லயத்துப் பக்கம் வந்திருந்தால் என்று நினைத்தேன். நினைத்து என்ன.

வேலையில் சேரும் முன் அவளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முக்கியமானது ஒன்றுதான். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லக் கூடாது. யார் ஆய்வில் இருக்கிறார்கள் என்பதையே சொல்லக் கூடாது. தங்கச்சி அதை வேதபாடம் போல மனப்பாடம் செய்தாள். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா என்று ஆய்வுக்காரப் பெண் ஓட்டும் காடியில் போய்விட்டு மாலையில் வருவாள். நான் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பேன்.

"இன்னைக்கு யார் வீடு?"

"ஒரு வீடு."

"எந்தத் தாமான்டி?"

"வீடு இருக்கிற தாமான்."

"என்கிட்டகூடச் சொல்ல மாட்டியா?"

"உன்கிட்ட சொன்னா மைக் செட்டு கட்டிச் சொன்ன மாதிரி, அக்கா."

எனக்கு ரோஷம்தான். ஆனால் உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

இப்போது அன்பியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் செபமாலை சொல்வோம். அதற்குப் பெயர் அன்பியம். செபமாலை முடிந்ததும் மன்றாட்டு. ஒவ்வொருவரும் யாருக்காக வேண்டுகிறார்களோ அவர்கள் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்போம். பெயரை விழுங்கினால் எங்கள் தலைவி விடமாட்டாள். "விலாசம் இல்லாம சாமி எங்க போய்த் தேடுவாரு?" என்பாள். பெயர் சொல்லப்பட்டவர் வீட்டுக்கு அந்த வாரத்துக்குள் கஞ்சித் தூக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வருவதும் எங்கள் வழக்கம். அப்படித்தான் ஒருவருக்கொருவர் தாங்கி வந்திருக்கிறோம். என் புருஷன் படுத்திருந்தபோது எங்கள் வீட்டில் கஞ்சி வைக்கப் பாத்திரம் போதவில்லை.

தங்கச்சி எத்தனையோ வருஷமாக அந்தக் கூட்டத்துக்கு வருகிறாள், மன்றாட்டில் வாய் திறந்ததே இல்லை. அவளை விட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. அன்றைக்கும் தலைவி அவளைத் தாண்டி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் பக்கத்தில் குரல் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு, தங்கச்சி பேசினாள். ஒரு பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"பிள்ளை பெத்ததுலேருந்து மனசு ஒடஞ்சு, மருந்து சாப்பிட்டுக்கிட்டு, தூங்காம அழுதுகிட்டு இருக்கிற அந்தப் பொண்ணுக்காக..."

அவள் முடித்ததும் அந்தக் கூடமே ஒரே குரலாய், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. அவ்வளவு சத்தமாக நாங்கள் சொல்லிக் கேட்டதில்லை. அவள் பேசிவிட்டாள் என்ற சந்தோஷம் எல்லோருக்கும். எனக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. இந்த வேலை அவளுக்கு வாயையே கொடுத்துவிட்டது என்று நினைத்தேன்.

செபம் முடிந்து பிசாங் கோரெங், பொரித்த வாழைப்பழத் தட்டு, சுற்றி வந்தபோது தலைவி எழுந்து எங்களிடம் வந்தாள்.

"அந்தப் பின் சந்து லோரோங் பொண்ணா? லோரி ஓட்டுறாரே, அவரு பொண்டாட்டியா? ஐயோ, நம்ம பக்கத்துலயே இருந்துகிட்டு நமக்குத் தெரியாமப் போச்சேலா!"

"கதவ சாத்தியே வச்சிருக்கு, ஏதோ திமிரு பிடிச்சதுன்னுல்ல நெனச்சேன்," என்றாள் இன்னொருத்தி.

"நாளைக்குக் காலையிலயே போவோம். நான் கஞ்சி வைக்கிறேன், நீ தொவையல் அரச்சிடு."

தங்கச்சியின் கையில் கடித்த பழம் அப்படியே நின்றது. முகத்தில் ரத்தம் இல்லை.

"வேணாம்," என்றாள். "போவாதீங்க. நான் சொல்லியிருக்கக் கூடாது."

"சாமிகிட்ட சொல்லக் கூடாதது என்னம்மா இருக்கு?" தலைவி அவள் கன்னத்தைத் தடவினாள். "நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம். சும்மா பார்த்துட்டு வந்துடுறோம்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் சொன்னாள். "அக்கா, நான் வேலைய தொலைச்சிட்டேன்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. திருடவில்லை, பொய் சொல்லவில்லை, ஒருத்திக்காக வேண்டிக்கொண்டாள். இதற்கு ஒரு வேலை போகுமா? ஆய்வுக்காரர்கள் அன்பியத்துக்கா வரப்போகிறார்கள், யாருக்குத் தெரியப்போகிறது, பேசாமல் இரு என்றேன்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியும்ல," என்றாள்.

விடிந்ததும் அவளே போன் செய்து ஆய்வுக்காரப் பெண்ணிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். போனில் பேசும்போது எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அதற்குள் தூக்குகள் பின் லோரோங்கைப் போய்ச் சேர்ந்துவிட்டன.

மறுபடியும் அந்த ஆஸ்பத்திரி அறைக்குப் போனோம். நான் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். யாராவது என் தங்கச்சியைத் திட்டினால் திருப்பிக் கொடுக்க வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, தப்புச் செய்தவளை எல்லோர் முன்னாலும் வைத்து மண்டோர் வாங்கு வாங்கென்று வாங்கியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்படித்தான் இங்கேயும் இருக்கும் என்று நினைத்தேன்.

பெரிய டாக்டர் அன்றும் எழுந்து நின்றார். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்பது. இரண்டாவது கேள்வி, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், தூங்கினீர்களா, மாத்திரை எடுத்தீர்களா என்று தங்கச்சியைப் பார்த்து. நான் அடுக்கி வைத்த வார்த்தைகள் எல்லாம் வீணாயின.

பிறகு மெதுவாகச் சொன்னார். ஆய்வுக்காரப் பெண் தமிழில் சொன்னாள். "நாங்க உங்களுக்கு அக்கம்பக்கத்துல சொல்லாதீங்க, கடையில சொல்லாதீங்கன்னு சொல்லிக் கொடுத்தோம். செபத்தப் பத்தி யோசிக்கல. அது எங்க பக்கத்து ஓட்டை. ஆனா அந்தப் பொண்ணுக்கு நடந்தது நடந்ததுதான். அவங்ககிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்கணும். காவல் குழுவுக்கும் சொல்லியாகணும். அவங்க முடிவு சொல்ற வரைக்கும் சின்ன ஆன்ட்டி வேலைக்கு வர முடியாது."

தோட்டத்தில் எங்கள் பெயர்கள் எப்படியெல்லாம் பறந்திருக்கின்றன! பெரட்டில், கள்ளுக்கடையில், குழாயடியில். யார் வீட்டுச் சண்டையும் எல்லார் வீட்டுக் கறிக்கு உப்பு. இங்கேயோ, ஒரு லோரிக்காரர் பெண்டாட்டியின் பெயர் ஒரு மாலை நேரத்தில் ஒரு கூடத்தில் கேட்டுவிட்டது என்பதற்காக, படித்தவர்கள் கூடி உட்கார்ந்து முகம் வாடிப்போயிருக்கிறார்கள். பயந்துபோய்த்தான் அவர்களைப் பார்த்தேன். கோயிலில் நற்கருணைப் பாத்திரத்தைத் தூக்கும்போது சாமியார் கையில் ஒரு கவனம் இருக்கும் பாருங்கள், அந்தக் கவனம்.

வேலையில்லாமல் வீட்டில் இருந்த அந்தக் காலம் நல்ல காலமில்லை. தங்கச்சி அட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"வந்திருக்கா?" என்றேன்.

"வந்திருக்கு."

"போகச் சொல்லேன்டி."

"வேல இருக்குன்னு சொன்னாத்தான் போகும் அக்கா. இப்ப என்னன்னு சொல்றது?"

அப்போதுதான், அந்த வேலை போனால் எது எதுவெல்லாம் போகும் என்று எனக்கு உறைத்தது. மறுநாளே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மருந்தைக் கொஞ்சம் கூட்டினார்கள்.

அந்த லோரிக்காரர் பெண்டாட்டி எங்களைப் பார்க்கச் சம்மதித்தாள் என்று செய்தி வந்தது. ஆய்வுக்காரப் பெண் காடியில் வந்து தங்கச்சியை ஏற்றிக்கொண்டாள். நானும் ஏறிக்கொண்டேன், காடியிலேயே இருக்கிறேன் என்று சொல்லி. பின் லோரோங்கில் அந்த வீட்டு வாசலில் அவளே நின்றாள். மெலிந்த பெண், முப்பது இருக்கும். காடிக்குள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அவங்களும் வரட்டும். அவங்களும் அந்தச் செபத்துல இருந்தவங்கதானே," என்றாள்.

உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம். உலு யாமிலிருந்து மாமியார் வந்து இறங்கியிருக்கிறார். மாமியாருக்கு அதுவரை மருந்து விஷயமே தெரியாதாம். கஞ்சி கொண்டுபோனவர்களில் ஒருத்தி, பாவம் என்று நினைத்து, போன் செய்து சொல்லியிருக்கிறாள்.

"குளிக்கப் போனாலும் கதவுகிட்ட நிக்கிறாங்க," என்றாள் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி. "கத்திய எல்லாம் எடுத்து ஒளிச்சு வச்சிட்டாங்க. வெங்காயம் அரியறதுக்கு நான் பெர்மிஷன் கேக்கணும்."

பிறகு தங்கச்சியைப் பார்த்தாள். "கஞ்சி வந்திச்சு ஆன்ட்டி. தூக்குத் தூக்கா வந்திச்சு. ஒருத்தங்க நெத்தியில எண்ணெய் தடவினாங்க. ஒருத்தங்க எனக்குத் தெரியாமலே பிள்ளைக்குத் திருஷ்டி கழிச்சாங்க, அவங்க வேதக்காரங்கதானே? என் பேரை சாமிகிட்ட சொன்னீங்களே, அவரு வந்தாரா? அவரைத் தவிர எல்லாரும் வந்தாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையும் குனிந்தது. தங்கச்சி சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்புப் பண்ணிட்டேன்மா. மன்னிச்சிடு," என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. நல்ல மனசோடுதான் செய்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்தப் பெண் அடுப்படிப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"உங்களுக்கு மரம் பேசினத என்கிட்ட சொன்னீங்க. முடிய வெட்டினத சொன்னீங்க. நான் அத யார்கிட்டயாச்சும் சொன்னேனா?"

"இல்லம்மா."

"என் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல."

தங்கச்சியின் தோள் குலுங்கியது. நான் கையை நீட்டினேன். அவள் என் கையை விலக்கிவிட்டாள்.

ஆய்வுக்காரப் பெண் அப்போதுதான் பேசினாள். ஆய்விலிருந்து விலக வேண்டுமானால் விலகலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, இதுவரை சொன்ன பதில்களையும் எடுத்துவிடச் சொல்லலாம், கிளினிக்கில் பார்க்கிற வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"எடுத்துடுங்க," என்றாள் அந்தப் பெண்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சரி அக்கா. இன்னைக்கே எடுத்துடுறேன்," என்றாள் ஆய்வுக்காரப் பெண்.

அவ்வளவுதான். அந்தப் பதில்களுக்காக இந்தப் பிள்ளை எத்தனை முறை வெயிலில் இந்தப் படியேறி இறங்கியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது, தங்கச்சி சொல்லமாட்டாள். ஆனால் நிறைய முறை. கெஞ்சவில்லை, யோசித்துப் பாருங்கள் என்று இழுக்கவில்லை. வேண்டாம் என்ற ஒரு சொல்லை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். என் வயதில் எத்தனையோ இடங்களில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், எங்கள் அம்மா சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இன்னொன்னு கேக்கணும்," என்றாள் ஆய்வுக்காரப் பெண். "சின்ன ஆன்ட்டி இந்த வேலையில தொடர்றதப் பத்தி குழு முடிவு பண்ணும். உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னா, நான் போய்ச் சொல்றேன்."

இப்போது தங்கச்சியின் வேலை அந்தப் பெண்ணின் வாயில் இருந்தது. எனக்கு எழுந்து அவள் காலைப் பிடித்துவிடலாமா என்றிருந்தது. பிடித்திருந்தால் அது எத்தனை கேவலம் என்று இப்போது புரிகிறது. அன்று முட்டி வலிதான் என்னைக் காப்பாற்றியது.

"வேலைக்குப் போகட்டும்," என்றாள் அந்தப் பெண். "டாக்டருங்க கேட்டப்ப எனக்கு வாய் வரல. இவங்க கேட்டப்பதான் வந்திச்சு. என்னை மாதிரி எவளாச்சும் இன்னொருத்தி எங்கயாச்சும் உக்காந்திருப்பா." தங்கச்சியை நேராகப் பார்த்தாள். "ஆனா என் வீட்டுக்கு வராதீங்க. வெளிய பார்த்தாலும் என்னைத் தெரியாது உங்களுக்கு."

"சரிம்மா," என்றாள் தங்கச்சி.

குழு அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் பயிற்சி, கொஞ்ச காலத்துக்குப் பக்கத்தில் ஆள் வைத்துத்தான் வேலை. இப்போது அந்தப் பயிற்சியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, கோயிலிலும் முஸ்லிம்கள் தொழும் சூராவிலும் வேண்டுதலிலும்கூடப் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஒரு பாடம் சேர்த்திருக்கிறார்களாம். அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுப்பதே என் தங்கச்சிதான். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று ஆய்வுக்காரப் பெண் சொன்னாள். தங்கச்சி அதையும் என்னிடம் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, மீன் வாங்க சுங்கை செம்பிலாங்குக்குப் போனோம். படகு வந்து இறங்கிய நேரம், நல்ல கூட்டம். கெம்போங் மீனைப் புரட்டிக்கொண்டிருந்த நான் தலையை நிமிர்த்தினால், கூடைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண். இடுப்பில் பிள்ளை, பக்கத்தில் மாமியார். முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. பிள்ளை என்னைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். என் கை தானாக நீண்டது.

என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். கீழே, கூடைக்கு மறைவாக, தங்கச்சியின் விரல்கள். முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் மீன்காரரிடம், இது நேத்து மீனா இன்னைக்கு மீனா, கண்ணு சிவந்திருக்கே, என்று பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு மாமியாரோடு இறால் கடைப் பக்கம் திரும்பிப் போனாள். தங்கச்சி அந்தத் திசையில் கண்ணைக்கூட அசைக்கவில்லை. அந்தப் பெண் யார் வீட்டுப் பெண்ணோ, இவள் யாரோ. முன்னே பின்னே பார்த்திராத இரண்டு பேர் ஒரு மீன் கூடையின் இரண்டு பக்கம் நின்றுவிட்டுப் போனது போலத்தான் இருந்தது.

வீட்டில் குழாயடியில் மீன் கழுவும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"பிள்ளை நல்லா தேறிட்டான், பார்த்தியாடி?" என்றேன்.

தங்கச்சி செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"எந்தப் பிள்ளை?"